ஜெராக்ஸில் விழாத கடைசி வரி

எங்கள் பள்ளியில் எதைக் கண்டாலும் லேமினேட் செய்துவிடுவார்கள். அறக்கட்டளைக்காரர்கள் வந்த முதல் மாதமே அதற்கென்று ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள். எழுத்து அட்டை, வாய்ப்பாடு, கை கழுவும் முறை, தலைமையாசிரியை அறை வாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லும் அறிவிப்பு என்று எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டன. ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகும் இடத்தில் மட்டும் அதே பழைய பக்கெட் இருந்தது. அதை லேமினேட் செய்ய வழியில்லை.

அது கன்னட மீடியம் அரசுப் பள்ளி. ஓசூர் ரோட்டில், சந்தாபுராவிலிருந்து உள்ளே தள்ளி, வரிசை வரிசையாக வாடகை அறைகள் கட்டி விட்டிருக்கும் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. கட்டடம் அரசாங்கத்துடையது. தலைமையாசிரியை அரசாங்க ஊழியர். மதியச் சாப்பாடும் புத்தகமும் அரசாங்கம் கொடுப்பது. பாடம் நடத்தும் பொறுப்பை மட்டும் ஓர் அறக்கட்டளை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. தனியார் பள்ளி மாதிரி நடத்துவோம், ஃபீஸ் வாங்க மாட்டோம், படிக்கத் திணறும் பிள்ளைகளை மேலே கொண்டுவந்து காட்டுவோம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. காட்டினால் ஒப்பந்தம் நீளும், காட்டாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்பது கல்வி இலாகாவின் நிபந்தனை. நான் அறக்கட்டளையின் ஆள். வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் ஆசிரியை.

அதற்கு முன்பு இருபது வருஷம் நகரத்துக்குள், சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சர்ச் பள்ளியில் கன்னடமும் சமூக அறிவியலும் நடத்தினேன். அங்கே பிள்ளைகள் பாதியை வீட்டில் படித்துவிட்டு வருவார்கள், மீதியை டியூஷனில் படித்துக்கொள்வார்கள். நான் நடுவில் நின்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். ஐம்பது தாண்டிய பிறகு, உருப்படியாக ஏதாவது செய்துவிட்டுத்தான் ஓய வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. அந்த வீம்பு என்னை இரண்டு பஸ் மாறி, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் தினம் முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, சந்தாபுராவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இறங்கும்போதே ஒரு நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு இருக்கும். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும்.

என்னிடம் கொடுத்திருந்தது சின்ன ரூம். விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, பாய் விரித்து, ஒரு போர்டு மாட்டிக் கொடுத்தார்கள். நான்காவது முதல் ஏழாவது வரை, வாசிக்க வராத பிள்ளைகள் தினம் முதல் இரண்டு பீரியடு அங்கே வருவார்கள். அறக்கட்டளையின் கணக்கில் வாசிப்புக்கு நான்கு படிகள்: எழுத்து, சொல், பத்தி, கதை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு. எந்தப் படியில் இருக்கிறது என்று அதில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். அதையே டேப்லெட்டிலும் ஏற்ற வேண்டும். 'கதை' வந்துவிட்டால் அந்தப் பிள்ளை சின்ன ரூமை விட்டுப் பெரிய வகுப்புக்குப் போய்விடும்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண் ஏழாம் வகுப்பு. 'எழுத்து' படியில் இருந்தாள். அதிலும் பாதி எழுத்து. மூன்றாவது வரை ஓசூரில் தமிழ்ப் பள்ளி. அம்மாவுக்கு பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வயசைப் பார்த்து நேரே நான்காவதில், கன்னடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தமிழ் எழுத்து முழுசாக வருவதற்குள் கன்னட எழுத்து வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து குழம்பி எதுவும் நிற்கவில்லை. இடையில் கொஞ்ச நாள் அத்திபெலேயில் வேறு ஒரு பள்ளி. மூன்று பள்ளிகளிலும் அவளைப் பாஸ் போட்டு மேலே தள்ளியிருந்தார்கள். தள்ளியவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாய் மட்டும் அப்படி ஒரு வாய். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து ரூம்காரர்களோடு தெலுங்கு, பானிபூரிக்காரரிடம் இந்தி. தலைமையாசிரியை மைக்கைத் தட்டித் தட்டிப் பேசுவதை அப்படியே செய்துகாட்டுவாள். ஒரு தடவை கேட்டால் போதும், சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லிவிடுவாள். அந்தக் காதுதான் அவளை இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன்.

அன்றைக்கு அரையாண்டு வாசிப்புத் தேர்வு. காலையில் அறக்கட்டளையின் கோஆர்டினேட்டர் வந்திருந்தாள். சேலத்துப் பெண், முப்பதுகூட இருக்காது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டுச் சேவை செய்ய வந்தவள். கெட்ட பெண் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டியில் வைத்துக் கூட்டிப்போவாள். ஆனால் எதைப் பேசினாலும் அது கடைசியில் எண்ணிக்கையில் போய் முடியும்.

"மேம், ஏழாவதுல இன்னும் ரெண்டு மூணு பேர் 'கதை'க்கு ஏறிட்டா போதும். பிப்ரவரில இலாகாலேர்ந்து விசிட். அக்ரிமென்ட் ரின்யூ ஆகறது அதுலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

வாசிக்க வேண்டிய கதை கன்னடத்தில் எட்டு வரி. ஒரு சிறுமி அப்பாவோடு சந்தைக்குப் போகிறாள், ஆட்டுக்குட்டி வாங்குகிறார்கள், வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, இருக்கிற ஒரே குடையை ஆட்டுக்குட்டிக்குப் பிடித்துக்கொண்டு இருவரும் நனைந்து வருகிறார்கள். கடைசி வரி, "வாசலில் நின்ற அம்மா சிரித்துவிட்டாள்." வழக்கம்போல லேமினேட் செய்த தாள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஜன்னலுக்குக் கதவில்லை. உள்ளே வாசிப்பது வெளியே நன்றாகக் கேட்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறாம் வகுப்பிலும் தேர்வு ஆரம்பித்தது. லேமினேட் தாளை அங்கே கொடுத்துவிட்டு எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பினார்கள். ஜெராக்ஸ் எடுத்தவர் தாளைச் சரியாக வைக்கவில்லை. கடைசி வரி விழவில்லை. ஏழாவது வரியோடு தாள் முடிந்துவிட்டது. போகட்டும், ஏழு வரி படித்தாலும் படித்ததுதானே என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் குடையோடும் மழையோடும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் பட்டியலில் கடைசி. வந்து உட்கார்ந்தபோது மூன்றரை மணி. எனக்குத் தலை விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. தாளை வாங்கினாள், விரலை வரிக்குக் கீழே வைத்தாள், ஆரம்பித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, அவ்வளவு அழகாக. விரலும் குரலோடு சேர்ந்து நகர்ந்தது. ஏழாவது வரியின் முடிவில் விரல் நின்றது. அவள் நிற்கவில்லை.

"வாசலில் நின்ற அம்மா சிரித்துவிட்டாள்."

தாளில் இல்லாத வரி. அதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் அவள் விரலைப் பார்த்தேன். அது வெறும் வெள்ளைத் தாளின் ஓரத்தில் இருந்தது.

காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நின்று எத்தனை தடவை கேட்டிருப்பாளோ. வேறு ஒரு தாளை எடுத்துக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மேஜை டிராயரில் வேறு கதைகள் இருந்தன. கையை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை. கோஆர்டினேட்டர் சொன்ன ரெண்டு மூணு பேர் ஒரு காரணம். தலைவலி ஒரு காரணம். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதும் காரணம். எல்லாவற்றுக்கும் மேல் அவள் முகம். ஏழு வருஷமாகப் படிக்காத பிள்ளை என்று பேர் வாங்கிய முகம், "எப்படி மிஸ்?" என்று கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. அன்றைக்கு ஒரு நாளாவது அவள் ஜெயிக்கட்டுமே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். கார்டில் 'கதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நிஜமாவா மிஸ்?" என்றாள்.

"நிஜமாத்தான். போய் அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

அடுத்த வாரம் அவள் பெரிய வகுப்புக்குப் போனாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள், அதுவும் லேமினேட் செய்தது. இரண்டு நாள் நட்சத்திரத்தோடு திரிந்தாள். மூன்றாம் நாள் காலையில் சின்ன ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், நான் இங்கயே உக்காந்துக்கவா?"

உட்காரச் சொன்னேன். பெரிய வகுப்பில் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. கணக்கு ஆசிரியை என்னிடம் வந்து, உங்களிடம் இல்லாத பிள்ளையை நீங்கள் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நியாயம்தான். திருப்பி அனுப்பினேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஒரு நாள் மதியம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"மிஸ், மறுபடி டெஸ்ட் வைங்க மிஸ். இந்தத் தடவ தப்பு தப்பா படிக்கறேன். அப்ப பழைய ரூமுக்குப் போட்டுடுவீங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று வாசித்து முடித்ததும் அவள் சிரித்த சிரிப்பைத் தவிர இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று சாயங்காலம் டேப்லெட்டைத் திறந்து அவள் பெயரில் 'எழுத்து' என்று மாற்றப் பார்த்தேன். அது ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். கடைசியில் கோஆர்டினேட்டருக்கு ஃபோன் செய்தேன்.

"கீழ இறக்க முடியாது மேம். சிஸ்டம் மேல ஏத்த மட்டும்தான் விடும். ஏன், என்னாச்சு?"

"ஒரு பொண்ணுக்கு நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்னு தோணுது."

"லெட்டர் குடுத்தா ஹெட் ஆபீஸ்ல மாத்துவாங்க. ஆனா எப்படி தப்பாச்சுன்னு எழுதணும். ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் திருப்பி செக் பண்ணுவாங்க மேம். விசிட் இருக்கற நேரத்துல... உங்க இஷ்டம். நான் வேணாம்னு சொல்லல."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கோபத்திலாவது எழுதியிருப்பேன். என் இஷ்டம் என்று சொன்னதால் எழுதவில்லை. ஒப்பந்தம் போய்விட்டால் இருநூறு பிள்ளைகளுக்கு நஷ்டம், ஒருத்திக்காக அத்தனை பேரையும் பலி கொடுப்பதா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். வக்கீல் நன்றாகவே பேசினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜனவரி கடைசியில் கோஆர்டினேட்டர் சந்தோஷமாக வந்தாள். விசிட் அன்று ஒரு பிள்ளை அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், யாரென்று கணினியே தேர்ந்தெடுத்துவிட்டது என்றாள். ஒரே தேர்வில் 'எழுத்து'விலிருந்து 'கதை'க்குத் தாவிய பிள்ளை பள்ளியிலேயே ஒருத்திதான். அவளைவிடப் பெரிய முன்னேற்றம் வேறு யாருக்கும் இல்லை.

"எந்தக் கதை குடுக்கலாம் மேம்? புதுசா ஒண்ணு குடுத்தா இன்னும் நல்லாருக்கும்ல?"

அதுதான் கடைசி வாய்ப்பு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அதே கதை இருக்கட்டும்மா. பிள்ளை பயந்துடும்" என்றுதான் வந்தது.

விசிட் அன்று பள்ளி முழுக்கத் தோரணம். பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அவள் அம்மா அரை நாள் லீவு போட்டு, கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டையோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெண் மைக் முன்னால் நின்றாள். லேமினேட் தாளைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டிக் கதையைப் படித்தாள். படித்தாள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அதிகாரிகள் கை தட்டினார்கள். அதில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனசாரத்தான் அழுதார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டீ கொடுக்கும் நேரத்தில் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் முழுக்க ஊசி குத்திய தழும்பு.

"மிஸ், எனக்கு கையெழுத்து மட்டுந்தான் போட வரும். இவளாச்சும் படிச்சிட்டாளே. உங்களாலதான் மிஸ்."

அவள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். மெயின் ரோட்டில் இருக்கும் ஹைஸ்கூலில் எட்டாவது சேர்ப்பதற்கான விண்ணப்பம். கன்னடத்தில் இருந்தது.

"ரூம்ல யாருக்கும் படிக்கத் தெரியல. இதுல இன்னா கேக்கறாங்கன்னு படிச்சு சொல்லு கண்ணு" என்று மகளிடம் நீட்டினாள்.

பெண் காகிதத்தை வாங்காமல் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி, "குடுங்க, நான் படிக்கறேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு மிஸ்? அவளே படிப்பா. இப்பதான அத்தன பேர் முன்னாடி படிச்சா!"

பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். விரலை வரிக்குக் கீழே வைத்தாள். "பேரு. அப்பா பேரு. அம்மா பேரு. பொறந்த தேதி. வீட்டு அட்ரஸ். முன்ன படிச்ச ஸ்கூல் பேரு." ஒவ்வொன்றுக்கும் விரலை ஒரு வரி கீழே இறக்கினாள். உலகத்தில் எந்த விண்ணப்பமும் இதைத்தான் கேட்கும் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"கீழ ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பியும் கேட்டிருக்காங்க" என்றேன் நான்.

"அத ஏன்டி வுட்ட? ஒழுங்கா பாத்து படி" என்று அம்மா செல்லமாக அவள் தலையில் தட்டினாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது நான் செய்தது என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. வாசிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். இனி அவள் வாழ்நாள் பூராவும் நடித்தாக வேண்டும்.

ஒப்பந்தம் நீண்டது. 'எழுத்து' படியில் இருந்தவர்கள் குறைந்துவிட்டதால் சின்ன ரூமில் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. என்னைச் சமூக அறிவியலுக்கு மாற்றினார்கள்.

விசிட்டுக்கு மறுநாளிலிருந்தே நான் அரை மணி முன்னதாக வந்தேன். அதற்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் அவளும் நானும் உட்காருவோம். தமிழை மறந்துவிடு, கன்னடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றேன். கேட்டுக் கற்றுக்கொள்ளும் அந்தக் காது எங்களுக்கு எதிரியாக இருந்தது. நான் ஒரு தடவை வாசித்தால் அவள் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அதனால் நான் வாயே திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வர வேண்டும். சில நாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். சில நாள் நானே எரிந்து விழுவேன். எனக்குப் பொறுமை குறைவு, அதிலும் அந்த நேரத்தில் ஒரு வாய் காபிகூட இறங்கியிருக்காது. இரண்டு மாதத்தில் எழுத்து முழுக்க வந்தது. சின்னச் சொற்கள் வந்தன. அதற்குள் மார்ச் முடிந்துவிட்டது. கார்டில் 'கதை', நிஜத்தில் 'சொல்'. அதையும் தட்டுத்தடுமாறித்தான்.

எழுத வேண்டிய கடிதத்தைக் கடைசி வேலை நாளில்தான் எழுதினேன். ஹெட் ஆபீஸுக்கு அல்ல. அதற்குத் தைரியம் அப்போதும் வரவில்லை. ஹைஸ்கூல் வகுப்பாசிரியருக்கு எழுதினேன். பள்ளியின் பெயர் அச்சடித்த தாளில், கன்னடத்தில், கையால் எழுதினேன். முதல் வரியில் மரியாதைக்குரிய ஆசிரியருக்கு வணக்கம். இரண்டாவது வரியில் இந்த மாணவி எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்தவள் என்ற விவரம். மூன்றாவது வரியில், இவளுக்கு வாசிக்கத் தெரியாது, கார்டில் இருப்பது தவறு, அந்தத் தவறு என்னுடையது. நான்காவது வரியில், தயவுசெய்து இவளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள், கூட்டத்தில் கேட்டால் நடித்துவிடுவாள். கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

கவரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். புது டீச்சரிடம் மறக்காமல் கொடு என்றேன்.

"என்ன மிஸ் எழுதிருக்கீங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் அதே முகம். "உன்னப் பத்தி நல்லதா எழுதியிருக்கேன்" என்றேன். அப்போதுகூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

பள்ளி திறந்து மழைக்காலம் வந்து, தசரா லீவும் முடிந்துவிட்டது. அந்த ஹைஸ்கூல் ஆசிரியர் என்னைக் கூப்பிடுவார் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். கடிதத்தில் என் நம்பரும் எழுதியிருந்தேன். கூப்பிடவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், படித்துவிட்டுப் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் சந்தாபுரா ஸ்டாப்பில் அவள் அம்மாவைப் பார்த்தேன். ஃபேக்டரி வேனிலிருந்து இறங்கியவள் என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். பெண் எப்படி இருக்கிறாள், கடிதத்தைப் புது டீச்சரிடம் கொடுத்தாளா என்று கேட்டேன்.

"அத ஏன் மிஸ் கேக்கறீங்க. சேக்கப் போன அன்னிக்கே கவர ஆபீஸ்ல குடுத்தோம். அந்தாளு பிரிச்சுகூடப் பாக்கல. இதெல்லாம் வேணாம், டி.சி. மட்டும் போதும்னு திருப்பிக் குடுத்துட்டான். எனக்கு மனசே ஆறல. ரூமுக்கு வந்து நாங்களே பிரிச்சுப் பாத்தோம். இவ்ளோ அழகா, கைப்பட, சீல் எல்லாம் வெச்சு நீங்க எழுதிக் குடுத்தத தூக்கிப் போட முடியுமா? லேமினேட் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன்."

"மாட்டிட்டீங்களா?" என்றேன்.

"வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவேன் மிஸ். எங்க ரூம் லைன்ல யாருக்கும் கன்னடம் படிக்க வராது. ஆனா எம் பொண்ணுக்கு டீச்சர் குடுத்த சர்டிபிகேட்டுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அவ... ஸ்கூல்ல எப்படிப் படிக்கறா?"

அம்மாவின் முகம் வாடியது. "அங்க ஒண்ணும் புரியலன்றா மிஸ். அறுவது பிள்ளைங்க ஒரு ரூம்ல. ஆனா தெனமும் வெளக்கு வெச்சதும் உங்க காகிதத்து முன்னாடி நின்னு எழுத்துக்கூட்டிப் படிக்கறா. மிஸ் என்னப் பத்தி நல்லதா எழுதிருக்காங்க, நானே படிச்சுக் கண்டுபுடிக்கறேன், யாரும் சொல்லக் கூடாதுன்றா. மொத வரி நல்லா வந்துடுச்சாம். வணக்கம்னு போட்டிருக்காமே? இப்ப ரெண்டாவது வரியில இருக்கா."

அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுங்கள், வேறு நல்லதாக எழுதித் தருகிறேன் என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தால் கொண்டுவந்து கொடுத்திருப்பாள், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள். நான் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லாமல் இருந்தது பயத்தால் அல்ல என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை தானாக விரும்பி வாசிக்க உட்கார்ந்த முதல் தாள் அது.

"மூணாவது வரி படிச்சு முடிச்சதும் அவள என்கிட்ட வரச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு மிஸ்? பிரைஸ் குடுப்பீங்களா?" அம்மா சிரித்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றேன். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

இப்போது தினமும் அந்த ஸ்டாப்பில் இறங்கும்போதும் ஏறும்போதும் சுற்றிலும் பார்க்கிறேன். அவள் வந்து எதிரில் நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன் என்று தெரியவில்லை. வராமலே போய்விடுவாளோ என்பதுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.